சீனிக்கு விரித்த கம்பளிச் சட்டை

கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத என் செல்ல அக்காவுக்கு,

உன் முயல் சீனி நலமாக இருக்கிறாள். நீ முதலில் அவளைத்தான் கேட்பாய். மற்ற முயல் கருப்பியும் நலம். அடுத்தது உன் சிநேகிதி பார்வதியைக் கேட்பாய், அவளும் நலம். கடைசியில் என் ஞாபகம் வந்தால், எனக்கு முழங்கால் வலி மட்டும்தான்.

நீ மழைக்காலத்தில் போனாய். பனி இறங்கியதும் சீனி தன் நெஞ்சு முடியைத் தானே பிய்த்துக் கூண்டின் மூலையில் குவிக்க ஆரம்பித்தாள். வெள்ளைப் பஞ்சு மாதிரி குவிந்து கிடந்தது. உனக்காகத் துக்கம் காக்கிறாள் என்று நினைத்தேன். உன் காரியத்தில் நான் சரியாக அழவில்லை என்று அரவேணு கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு முயல் என்னை முந்திக்கொண்டதே என்று சுருக்கென்றது.

"துக்கமெல்லாம் இல்ல டீச்சரம்மா, இது குட்டி போடப் போவுது" என்றாள் பார்வதி. கூடவே கருப்பியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "இவ பொம்பளதானா?"

குன்னூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூடையில் எடுத்துப் போனோம். நாங்கள் இருவருமே தப்பு என்றார் டாக்டர். "ஏனுங்க டீச்சர், இது பொய்ச் சினைங்க. வயித்துல ஒண்ணும் இல்லீங்க. இல்லாத குட்டிக்கு மெத்தை போடுதுங்க." இது திரும்பத் திரும்ப வருமாம். வயதானால் கருப்பையில் கட்டி வருவதும் உண்டாம். "கருப்பைய எடுத்துட்டா நல்லதுங்க. ஆனா முயலுக்கு மயக்க மருந்து கொஞ்சம் பயந்தானுங்க. பொழைச்சதும் இருக்குது, பொழைக்காததும் இருக்குது. யோசிச்சுச் சொல்லுங்க."

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "முயலுக்கும் குடும்பக் கட்டுப்பாடுங்களா? அப்ப ஆபரேஷனுக்குக் கவர்மெண்டு குடுக்குற பிளாஸ்டிக் வாளி யாருக்குங்க, டீச்சருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். பார்வதி சிரிக்கவில்லை.

எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. உனக்குள் வளர்ந்த கட்டி எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. சீனிக்கும் அப்படி ஆகக் கூடாது. ஆனால் நீ கடைசி நாட்களில் என்ன சொன்னாய்? "முயலுங்கள ரெண்டு பேருமாப் பாத்துக்கங்க." ரெண்டு பேருமாக. ஒரு சிலேட்டை இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? ஒன்று எழுதும், மற்றது அழிக்கும். வகுப்பில் நான் ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை.

"வேணாம் டீச்சரம்மா. வாயில்லாத ஜீவன். அதைக் கேக்காம அறுக்கக் கூடாது" என்றாள்.

"கேட்டா அது பதில் சொல்லுமா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சிலோன்லேர்ந்து கப்பலேறி வந்த பிறகுதானே நீ அக்காவைப் பார்த்தே? நான் கூடப் பிறந்தவ" என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. புல்கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "என்னையுந்தான் கேக்கல." சிலோன் தோட்டத்தில், ரெண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். தையல் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். இனிப் பிள்ளையே பிறக்காதபடி செய்துவிட்டார்கள் என்பது இங்கே வந்து வேறொரு டாக்டர் பார்த்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. அக்காவுக்கு மட்டுந்தான் சொன்னேன்."

எனக்கு இரக்கம் வந்தது, அக்கா. ஆனால் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்த 'அக்காவுக்கு மட்டுந்தான்'. நான் பள்ளிக்கூடம் விட்டுக் குடையோடு வரும்போது, முயல்கூண்டுப் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்துவீர்களே, அது இதுதானா? நான் சொன்ன 'முல்லை'யை விட்டுவிட்டு அவள் சொன்ன 'சீனி'யைப் பெயராக வைத்தாயே, அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அக்காவோட வலி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சரம்மா."

"எனக்கு முன்னாடியேவா?"

அவள் புல்லை உள்ளே வைத்துக் கூண்டைச் சாத்தினாள்.

ஏன் அக்கா? சொன்னால் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன் என்றுதானே? உன்னைக் கேட்டிருக்க மாட்டேன் என்றுதானே?

அதன் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பார்வதி தேயிலைக் கொழுந்தெடுத்துத் திரும்பும்போது புல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் போவாள். இதற்குள் சீனி மறுபடி முடியைப் பிய்த்தாள். இந்தத் தடவை ரத்தம் வந்தது. கிட்டே போன கருப்பிக்குக் காதில் கடி. அதைப் பார்த்த அன்று பார்வதி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு ஆபரேஷன் பண்ணவான்னு டாக்டரு அக்காவைக் கேட்டாரு டீச்சரம்மா. அக்கா வேணாம்னு சொல்லிட்டு வந்தாங்க. நான்தான் கூடப் போனேன். கேட்டும் என்னா ஆச்சு?"

அப்படியானால் டாக்டரிடமும் அவளோடுதான் போயிருக்கிறாய். அதையும் விழுங்கிக்கொண்டேன். அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி என்பது அவள் வார்த்தை, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். அவளிடம் நான் ஒரு விஷயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டம்ளர் காலியாகும்வரை யோசித்தாள். "போவோம். ஆனா நான்தான் புடிச்சுக்குவேன்."

நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? விட்டுக்கொடுத்தேன்.

கூடையில் என் சால்வையை விரித்து வைத்திருந்தேன். பார்வதி அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு காப்பிக்கலர் கம்பளிச் சட்டையை எடுத்து விரித்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நான் உனக்குப் பின்னியது. நீ போன பிறகு அதைத் தேடிப் பீரோவையே கவிழ்த்தேன். "குளுருதுன்னேன், அக்கா குடுத்தாங்க" என்றாள். குன்னூர் வரும்வரை பஸ் ஜன்னலில் தேயிலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்தபோது சீனி நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தாள். டாக்டரே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இனி அது எந்திரிக்கோணுங்க" என்றார். பார்வதி "சீனி, சீனி" என்றாள். நானும் கூப்பிட்டேன். யார் கூப்பிட்டும் அவள் காது அசையவில்லை. வெகுநேரம் ஆயிற்று. சட்டையின் கையை நான் எடுத்துச் சீனியின் முகத்தருகே வைத்தேன். அவள் மூக்கு மெதுவாகத் துடித்தது. பிறகு முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள்.

பார்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களா, நம்ம ரெண்டு பேரு கூப்பிட்டதுக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாம் அக்கா வாசத்துக்குத்தான்."

அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பொறாமை. அவளுக்கும் உன்மேல் அது உண்டு, அக்கா. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

சீனி இப்போது இரண்டு வேளையும் கேரட் தழை தின்கிறாள். முடி முளைக்கிறது. புண் முழுக்க ஆறிய பிறகு கருப்பியின் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். அப்போது முடிவெடுத்துவிட்டுச் சொல்ல மாட்டேன், பார்வதியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்பேன். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். அந்தச் சட்டையைத் திருப்பிக் கேட்க மாட்டேன். சீனி அதன் ஒரு கையைக் கடித்துப் பிரித்துவிட்டாள், அதை மட்டும் வாங்கிப் பின்னிக் கொடுக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று மட்டும் எழுதச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் தங்கைகள் இருவரில் மூத்தவள்