கட்டில் காலுக்கு அடியில் இருக்கும் புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே என் கவலையைக் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. இங்கே மருந்துக் கிடங்கில் ஓடும் கம்ப்யூட்டர் புரோகிராம் நான் பிறக்கும் முன்பே எழுதியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சரக்குக் கணக்கைப் பதிந்தால் ஒருவர் பதிந்தது காணாமல் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். நெட்டில் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. "இதுக்கான புக்கெல்லாம் எப்பவோ எடைக்குப் போயிருக்கும் தம்பி" என்று சிரிக்கிறார் மேனேஜர்.

காலேஜில் வாங்கிய தடிப் புத்தகம் நினைவிருக்கிறதா? "இந்தக் குப்பையை எடைக்குப் போடும்மா" என்றேன். "போடா, கட்டில் ஆடுது, கால் அடியில வச்சுக்கிறேன்" என்றாய். அதில் பதினோராம் பாடம் முழுக்க இதே கோளாறைப் பற்றித்தான். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போனேன். எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்லும் புத்தகம் இரண்டு வருடத்தில் செத்துவிடும். கோளாறு ஏன் வருகிறது என்று சொல்லும் புத்தகம் சாகாது. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

11 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்தப் பாடத்தை ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்து இன்றே அனுப்பு. கட்டிலை நீ தூக்காதே, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடு. கட்டில் காலுக்கு வேறு ஏதாவது வை.

படத்தில் உன் விரல் விழுந்தால் அழிக்காதே. அப்படியே அனுப்பு.

அவசரத்தில்,
உன் மகன்