சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தவன்

அன்புள்ள என் மலைவாசிக்கு,

இங்கே நானும் நம் மகளும் சுகம். உன் சளி விட்டதா, இரண்டு போர்வையும் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாயா என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். உங்கள் வானாய்வுக் கூடத்து ஓட்டுநர் நாளை மேலே வருகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே சரிசெய்தேன். என்ன, இப்போது தண்ணீரும் வருவதில்லை. மகள் கல்லூரித் தேர்வை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள், முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. என் பட்டறையில் பல் கட்டும் வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு பாடகர் வந்து, ரொம்ப வெள்ளையா செஞ்சிடாதீங்க, அப்புறம் பாட்டை விட்டுட்டுப் பல்லையே பார்ப்பாங்க என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

இனி நான் அடித்த கூத்துக்கு வருகிறேன். உங்கள் மலையை மேகம் மூடிய வாரத்தில், நீங்க மொட்டை மாடியிலேர்ந்து என் சிவப்பு நட்சத்திரத்தை பைனாகுலர்ல பாருங்க, வெளிச்சத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டுச் சொன்னா போதும் என்றாய். அந்தப் பெரிய சிவப்பு நட்சத்திரத்துக்குப் பின்னால் அதன் துணையான நீல நட்சத்திரம் போன வருடம் மறைந்தது, இருபது வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி, வெளியே வரும்போது வெளிச்சம் கொஞ்சம் கூடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தினமும் பார்த்தேன். தினமும் கூடியது! தலைகால் புரியாமல் உனக்குச் சொன்னேன். இன்னும் மாதக்கணக்கு இருக்கே, அதுக்குள்ளயா என்று நீயும் பதறி, ஊரிலுள்ள ஆய்வாளர்களையெல்லாம் உசுப்பிவிட்டாய். கடைசியில் நட்சத்திரம் இருந்தபடியே இருக்கிறது, கோளாறு என் கண்ணில்தான் என்று தெரிந்ததும் நம் மானம் கப்பலேறியது.

சிவப்பை உற்றுப் பார்த்தால் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோல் தெரியும், சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். எனக்குத் தெரியாததா? பல்லுக்கு நிறம் பொருத்தும்போது, வெறிச்சுப் பார்க்காதீங்கப்பா, கண்ணு ஏமாத்திடும் என்று என் உதவியாளர்களிடம் கத்துகிறவனே நான்தான். அப்புறம் ஏன் பார்த்தீங்க என்று ஃபோனில் கேட்டாய். என்ன சொல்வது? மேகம் விலகினால் நீயும் இதைத்தானே பார்ப்பாய் என்று தோன்றியது, கண்ணை எடுக்க மனம் வரவில்லை. நான் குழாய்க் கதைக்குத் தாவியதிலேயே, உன் நினைப்பில்தான் பார்த்தேன் என்று கண்டுபிடித்துவிட்டாய்.

அதுதான் வம்பாகிவிட்டது. மறுநாளே, நான் வந்துடறேன், மிச்சத்தை வேற யாராவது பார்க்கட்டும், வியாழக்கிழமை எங்க கூடத்துத் தலைவர்கிட்ட சொல்லிடறேன் என்கிறாய். தாயே, வேண்டாம். போன தடவை அந்த நீல நட்சத்திரம் வெளியே வந்தபோது மகள் உன் வயிற்றில் இருந்தாள், மலையேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அடுத்த தடவைக்குள் நீ ஓய்வுபெற்றிருப்பாய். மகளிடம் விஷயத்தைச் சொன்னதும், போன தடவை என்னால போச்சு, இந்தத் தடவை உங்களால போச்சுன்னா ரெண்டு பேர்கிட்டயும் பேசவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு பசித்ததும் திறந்தாள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஒரு சுற்றுப் பெருத்தும்விட்டேன். மனசு உன்னைத் தேடுகிறது, அதை மறைப்பானேன்? தேடட்டும். வாழ்நாளெல்லாம் காத்திருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு நீ இந்த வீட்டுக்குள் நுழைந்தால், உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

என் கண்ணல்லவா, வியாழக்கிழமை தலைவர் கேட்டால் இருக்கிறேன் என்று சொல். மேகமில்லாத வானம் உனக்கு வாய்க்கட்டும். அந்த நீலம் முழுதாக வெளியே வருவதை நீ கண்குளிரப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரிடம் சொல்லி முடிக்கும்வரை எனக்கு ஃபோன் மட்டும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால், வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
என்றும் உன்னவன்