நாலு படகை இழுக்கிற வண்டி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கடல்காற்று வர மத்தியானம் தாண்டும்.

வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக எழுதி வைக்கிறேன், ஜெபத்தில் யாரும் விட்டுப்போகாமல் இருக்க. கெவின், பெங்களூரில் வேலை நிரந்தரம். அனிதா, அயர்லாந்தில் நர்ஸ், இப்போது ஒரு வார்டு முழுக்க அவள் பொறுப்பு. ஜோயல், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மைக் எட்டாமல் ஸ்டூல் போட்டார்களாம். ஷெரின், பாய்மரப் படகுப் பந்தயத்தில் வெள்ளி மெடல். இப்போது பிள்ளைகளுக்குப் படகு ஓட்டச் சொல்லித் தருகிறாள். பேரப்பிள்ளைகளில் அவள் மட்டும்தான் என்னோடு இந்த வீட்டில். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு இத்தனை பேர். ஸ்தோத்திரம்.

ஷெரினுக்கு வண்டி வேண்டும். பழசு போதும், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பாக இருக்க வேண்டும். 22ஆம் தேதி மண்டபம் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் படகுப் போட்டி. சின்னப் படகு நாலு, எல்லாம் ஒரே டிரெய்லரில். இதுவரை வாடகை வண்டிதான் இழுத்தது. போன மாதம் மணலில் டிரெய்லர் புதைந்து, வண்டியின் பின் சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டி, பிள்ளைகள் தள்ளப்போய் ஒரு பெண்ணுக்குக் காலில் அடி. இனி கடற்கரைப் பக்கமே வரமாட்டேன் என்று வாடகைக்காரன் போய்விட்டான். வண்டி இல்லையென்றால் போட்டியும் இல்லை. ஒரு வருஷமாகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள்.

மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை, நெத்திலிதான் கிடைத்தது. ஆய்ந்துகொண்டே கேட்டேன். "வண்டின்னா ஓட்டிப் பாத்து வாங்கறதுதானே? இதுக்கு ஏன் இவ்ளோ யோசன?"

"ஓட்டறது வேற, இழுக்கறது வேற பாட்டி."

டிரெய்லரை மாட்டுகிற கொக்கி பம்பரில் இருந்தால் ஆகாதாம், வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டுமாம். கிளட்ச் தேய்ந்திருக்கக் கூடாது. நாலு டயரும் ஒரே அளவு. ரேடியேட்டர் சரியில்லாமல் பாரம் இழுத்தால் இன்ஜின் உலை மாதிரி கொதிக்கும். அடியில் துரு. இன்னும் சொன்னாள். எனக்குக் குழம்பு பொங்கிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

அந்தோணியார் நவநாள். போகவில்லை, ஷெரினோடு ஆதம்பாக்கம். பழைய வண்டி விற்கிற புரோக்கர் இடம். கூட மெக்கானிக் பாஷா. டிரெய்லருக்குச் சக்கரம் மாற்றித் தந்தவன். வாய் நீளம், கை சுத்தம்.

கறுப்பு ஜீப். கண்ணாடி மாதிரி மினுக்கல்.

புரோக்கர்: "சிங்கிள் ஓனர் மேடம். டாக்டர் ஓட்டுன வண்டி."

பாஷா: "எல்லா வண்டியும் டாக்டருதான் ஓட்டிக்கீறாரு. அப்ப பேஷண்ட யாரு பாத்தது?"

பானெட்டில் என் கையைப் பிடித்து வைத்தான். சுட்டது. "நாம வரங்காட்டியும் ஸ்டார்ட் பண்ணி வெச்சிக்கீறான் ஆயா. ஆறுன இஞ்சின ஸ்டார்ட் பண்ணாதான் அதோட இருமலும் பொகையும் தெரியும்."

பிறகு ஷெரின் ஏறி உட்கார்ந்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூணாம் கியரில் போட்டு, கிளட்சை விட்டாள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அப்போதே அணைந்துவிட வேண்டுமாம். இது அணையவில்லை. உறுமிக்கொண்டே நின்றது. கருகல் வாடை. கொக்கியும் பம்பரோடு ஒட்டவைத்தது.

வேண்டாம் என்று வந்துவிட்டோம். புரோக்கர் பின்னாலேயே வந்து, "இழுக்கத்தானே மேடம், மெதுவா இழுத்தா போவும்" என்றான். "நீ முன்னால நடந்து வழி காட்டு, போவும்" என்றான் பாஷா.

வெயிலில் தலைவலி. ரசம் சோறு மட்டும்.

ஜூன் 11, புதன்

காலைப் பூசை முடிந்து வரும்போது நல்ல செய்தி. நம் சூசை சார் தன் ஜீப்பை விற்கிறாராம். ஷெரினின் அப்பாவுக்கு, அதாவது மஸ்கட்டில் இருக்கிற என் மகனுக்கு, கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நம் கோயில் பங்கு ஆள். இனி புரோக்கர் எதற்கு?

சாயங்காலம் கோட்டூர்புரம். ஷெரின் பாஷாவையும் வரச் சொல்லியிருந்தாள். எனக்கு உடம்பு கூசியது. சார் வீட்டு வண்டிக்கு அடியில் மெக்கானிக்கைப் படுக்க வைத்துப் பார்ப்பதா? பிள்ளைக்குப் பிரம்பில்லாமல் வாய்ப்பாடு ஏற்றியவர். பாஷாவை டீ குடித்துவிட்டு வா என்று தெருமுனைக்கு அனுப்பிவிட்டேன்.

"இன்னா ஆயா, பொண்ணு பாக்க வந்து மாப்பிள்ளய தெருவுல நிக்க வெச்ச மாரி" என்றான். போனான்.

வெள்ளை வண்டி. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கல். உள்ளே புது சீட் உறை, ஊதுவத்தி வாசனை. ஷெரின் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். குனிந்து கீழே பார்க்கப் போனவளைக் கண்ணாலேயே நிறுத்தினேன்.

காபி. சார் நன்றாகப் பேசினார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், எல்லாம் சொன்னேன். அவர் வண்டியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், நான் அனிதாவைப் பற்றி இன்னும் முடித்திருக்கவில்லை. பழத்தட்டு கொடுத்து வாக்கு முடித்தாயிற்று.

வரும் வழியில் கோயில் வேலை பார்க்கிற கோயிற்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், ஞாயிறு பூசைக்குப் பின் வண்டி மந்திரிப்பு. பக்கத்து வீட்டு லூர்துவிடமும். அவள் சும்மாவா இருப்பாள், இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். பி.பி. மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

ஷெரின் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள், தின்னவில்லை. வண்டி பிடிக்கவில்லையா என்றேன்.

"பாக்கவே இல்லையே பாட்டி, பிடிக்கறதுக்கு."

"சார் நமக்குப் பொய் சொல்வாரா?"

"சார் ஒண்ணும் பொய் சொல்லல. நாமதான் ஒண்ணும் கேக்கல. ஆத்தங்கரை வீடு. கீழ பார்க்கிங். வெள்ளம் வந்தப்ப வண்டி எங்க நின்னுச்சு?"

புது சீட் உறை எதற்கு, ஊதுவத்தி எதற்கு என்றும் கேட்டாள். எனக்குக் கோபம். ஜெபமாலை தொங்குகிற வண்டியைச் சந்தேகப்படுகிறாயே என்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"வண்டிக்குள்ள நாலு பிள்ளைங்க வருவாங்க பாட்டி. பின்னாடி டிரெய்லர். தண்ணி உள்ள போன அச்சு பாரம் இழுத்தா சூடாகி இறுகிக்கும். ஓடிட்டிருக்கறப்ப சக்கரம் நின்னுடுச்சுன்னா பின்னாடி இருக்கற பாரம் நம்மள முன்னால தள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில பஸ் எப்படி வரும்னு தெரியும்ல?"

பாஷாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். "டீ குடிச்சிக்கினு கீறேன் ஆயா" என்று வைத்துவிட்டான். ரோஷம்.

நாலு பிள்ளைகளின் அம்மாக்களையும் எனக்குத் தெரியும். இன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். பூசை, அப்பம் வாங்கினேன். பத்து மணிக்கு மழை தூறி நின்றது.

பாஷாவின் ஷெட்டுக்கு நானே ஆட்டோவில் போனேன். அப்பம் கொடுத்தேன். "லஞ்சமா?" என்றான். ஆமாம் என்றேன். வந்தான். ஷெரினையும் கூட்டிக்கொண்டு கோட்டூர்புரம்.

உள்ளே போய் உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று கேட்டிலேயே நின்று கேட்டேன். "மன்னிச்சுக்கணும் சார். இந்த வண்டி வெள்ளத்துல நின்னுச்சா?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நின்னுச்சும்மா. சீட்டு வரைக்கும் தண்ணி. பையன்தான் எல்லாம் சுத்தம் பண்ணிக் குடுத்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அனிதா வார்டுக்குள்ள போயிட்டீங்க. சரி, முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் வாயெடுத்தா ஜோயல் ஸ்டூல் மேல ஏறிட்டான். அவன் இறங்கறதுக்குள்ள பழத்தட்டக் கையில குடுத்துட்டீங்க. வாக்கு வாங்கினப்புறம் எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல."

ஷெரின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாரே சாவியை நீட்டிப் பார்க்கச் சொன்னார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தாள் ஷெரின். மேல் பாதி புதுசு மாதிரி, உள்ளே சுருண்டிருந்த பாதியில் சேற்றுக் கோடு. சீட்டுக்கடியில் தண்டவாளம் மாதிரி இருக்கிற கம்பி முழுக்கத் துரு. பாஷா கீழே படுத்து, பின் அச்சின் நடுவில் குண்டான் போல இருக்கிற இரும்பில் ஒரு திருகைக் கழற்றினான். தேன் மாதிரி வர வேண்டிய எண்ணெய், பால் கலந்த நிறத்தில் வந்தது. தண்ணீர் சேர்ந்துவிட்டதாம்.

"அன்னிக்கு என்னை அனுப்பிச்சியே ஆயா, அந்த டீ இங்க கீது பாரு."

சார் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஊருக்குள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் ஓட்டினாராம், அவருக்கே தெரியாது. எண்ணெய் மாற்றி, திறந்து பார்த்துச் சரிசெய்த பிறகுதான் இனி யாருக்கும் விற்பேன் என்றார். பழத்தட்டைத் திருப்பித் தந்தார். ஆப்பிள் ஒன்று குறைந்தது, அது போகட்டும்.

போட்டிக்கு இனி ஒன்பதே நாள்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் பின் கோயிற்பிள்ளை தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். வண்டி இல்லை என்றேன். லூர்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "என்னக்கா, ஜீப்பு வழியில நிக்குதா?"

"வாங்கியிருந்தா நின்னிருக்கும்" என்றேன்.

மத்தியானம் தூங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கோபாலபுரம். வசந்தா என்ற அம்மா, கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். ஜெனரேட்டரை இழுத்துப் போகிற ஜீப் ஒன்றை விற்கிறார். பச்சை நிறம் வெளுத்து, இடது கதவு ஒடுங்கி, கண்ணாடியில் முருகன் துணை. பார்க்க ஒன்றுமில்லை.

போனதும் பானெட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. வசந்தாவுக்குச் சிரிப்பு. "பாட்டி விவரம்தான்."

"மொதல்ல கேக்கறேம்மா, வெள்ளத்துல நின்னுச்சா?"

"வெள்ளத்துல ஓடுச்சு. முட்டி வரைக்கும் தண்ணி, ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் கொண்டு போனோம். வந்ததும் எல்லா ஆயிலும் மாத்திட்டேன், பில்லு இருக்கு."

பாஷா நம்பவில்லை, திறந்தே பார்த்தான். தேன். சீட் பெல்ட்டில் கோடு இல்லை. கொக்கி அடிச்சட்டத்தில். இழுத்து இழுத்து போல்ட் ஓட்டை நீண்டிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று ஷெரின் டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தாள். இல்லை. டிரெய்லர் விளக்குக்கு மின்சார இணைப்பு இருக்கிறது. மூணாம் கியர் சோதனை: பொட்டென்று அணைந்தது. எனக்கே கை தட்டத் தோன்றியது.

கீழே தண்ணீர் சொட்டியது. ரேடியேட்டர் போச்சு என்று பாஷா பெரிய முகம் காட்டினான். வசந்தா விரலில் தொட்டு அவன் கையில் தடவினார். "ஏசி தண்ணி தம்பி." அவன் கையைத் துடைத்துக்கொண்டு டயர் பக்கம் நகர்ந்தான்.

குறை: ஒரு பின் டயர் வேறு அளவு. நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும்போது அளவு மாறினால் உள்ளே கியர் பல் தேயுமாம். மாற்றித் தருவதாகச் சொன்னார். நாலு சக்கரம் சேர்ந்ததைக் காட்டுகிற விளக்கும் எரியவில்லை.

"வெளக்கு எரியாட்டி சேருதான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மணல்ல தெரியும் பாட்டி" என்றாள் ஷெரின்.

ஜூன் 18, புதன்

கோவளம் பக்கம், ஷெரின் படகு இறக்குகிற இடம். வசந்தாவே ஓட்டி வந்தார், டயரும் மாற்றியிருந்தது. டிரெய்லரில் நாலு படகும் ஏற்றி, ஈர மணலில் வேண்டுமென்றே புதைய விட்டார்கள். குடை பிடித்துத் தள்ளி நின்றேன்.

முதலில் ஷெரின் இரண்டு சக்கரத்தில் ஓட்டினாள். பின் சக்கரம் அதே மாதிரி குழி தோண்டியது. வசந்தா முகத்தில் சிரிப்பில்லை. ஷெரின் நிறுத்தி, சின்னக் கியர்க்கம்பியை முன்னால் தள்ளினாள். கடக் என்று ஒரு சத்தம். மறுபடி மெதுவாக. முன் சக்கரம் மணலைக் கவ்வியது. உறுமவில்லை, புகையவில்லை. எருமை சேற்றிலிருந்து எழுந்து வருவது போல நிதானமாக ஏறி வந்தது, பின்னாலேயே நாலு படகும்.

"ஆயா, உனுக்கு ஏன் கண்ணு கலங்குது?" என்றான் பாஷா.

"மணல்டா."

பிறகு தார் ரோட்டில், பாரத்தோடு, பிரேக். ஒரு பக்கம் இழுக்காமல் நின்றது. இன்ஜின் சூடு காட்டுகிற முள்ளும் ஏறவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஆர்.சி. பார்த்தாயிற்று. பேங்க் கடன் எதுவும் இல்லை, கடன் தீர்ந்த காகிதம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் நடப்பில். பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. பழத்தட்டு, இந்தத் தடவை கடைசியில்.

மந்திரிக்கப் போனோம். முருகன் துணையை எடுக்கலாமா என்றேன். எடுத்தால் கண்ணாடியில் பசை தெரியும் என்றாள் ஷெரின். பங்குச் சாமியார் பார்த்தார், சிரித்தார், அதன் மேலும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். லூர்து ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுவாக்கா? கதவு ஒடுங்கியிருக்கே" என்றாள். கதவு எதையும் இழுக்கப் போவதில்லை என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

விடிகாலையில் கிளம்பினார்கள். நாலு பிள்ளைகள், துணைக்கு ஒரு அம்மா. புளிசாதம், உருளை வறுவல், முறுக்கு. டிரெய்லர் விளக்கு எரிகிறதா என்று பின்னால் நின்று நானே பார்த்துச் சொன்னேன். வலது, இடது, பிரேக்.

வேலை ஓடவில்லை. துணி மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

சாயங்காலம் போன். "வந்துட்டோம் பாட்டி. கொக்கி, அச்சு, எல்லாம் தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல. பிள்ளைங்க கடலைப் பாத்துட்டு ஓடிட்டாங்க."

ராத்திரிக்குக் கஞ்சி, அப்பளம். நன்றாக இறங்கியது.

ஜூன் 21, சனி

குடும்ப குரூப்பில் ஷெரின் ஒரு போட்டோ போட்டிருக்கிறாள். வண்டி முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒடுங்கிய கதவுதான் பெரிதாகத் தெரிகிறது. அனிதா அங்கிருந்து, "இந்த டப்பாவா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். இது ஆகாது. பின்பக்கமாகப் போய் நின்று, கொக்கி, டிரெய்லர், நாலு படகு, நாலு பிள்ளைகள், எல்லாம் விழுகிற மாதிரி புதுசாக ஒன்று எடுத்து, இன்றைக்கே போடச் சொல்ல வேண்டும்.