சண்டை முடிந்த மறுநாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் முல்லைத்தீவில் நான் சுகம். உங்கள் சுகம் எப்படி? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? அவரை இப்போதைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பாதீங்க.

கண்ணிவெடி எடுக்கும் வேலை என்று பயப்படாதீங்க. நாள் முழுக்க முட்டிபோட்டு மண்ணைச் சுரண்டுகிறோம், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பதுங்குகுழியில் சின்ன ரேடியோ கிடைத்தது. அதற்குள் பெட்டரி இல்லை. பக்கத்தில் கிடந்த டோர்ச் லைட்டுக்குள் இரண்டு பெட்டரி துருப்பிடித்துப்போய் இருந்தன; ரேடியோவில் இருந்ததைக் கழற்றி வெளிச்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள் போல. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் செல்லசாமி ஐயா, நம்ம மலைநாட்டு லிந்துலையிலிருந்து வந்து குடியேறியவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சண்ட முடிஞ்சிருச்சுன்னு ரேடியோவுல சொன்னதுக்கு மறுநாளும் இங்க சுட்டுக்கிட்டாங்க, புள்ள. இந்தக் குழிக்குள்ள இருந்த நாலு பேரும் போயிட்டாங்க. முடிஞ்சது அவங்களுக்குத் தெரியாது."

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வேறொன்றுமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தேயிலைத்தூளும், முட்டிக்குத் தடவ தைலமும் கொடுத்துவிடுங்க. முகாமில் சிக்னல் இல்லை. அவசரமென்றால் ஆபீஸ் நம்பருக்குப் பேசுங்க. போன தடவை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னீங்க. அவர் மூச்சுக்குத் தவித்த அந்தப் பத்து நாளும் நான் இங்கே சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், அப்பா.

டவுனுக்குப் போகும் வண்டி ஹோர்ன் அடிக்கிறது. இதை டிரைவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்க. மறுநாள் வேண்டாம்.

மகள்,
யூஜினா