நீங்கள் நிற்காத கரை

சார்,

நேற்று மார்த்தாண்டத்தில் குளச்சல் பஸ் ஏறியபோது, பின் சீட்டுக்கு அடியில் யாரோ ஒரு கட்டு ரப்பர் ஷீட் வைத்திருந்தார்கள். மழைக்காக ஷட்டரை இறக்கியதும் அந்தப் புளித்த நாற்றம் பஸ் முழுக்கப் பரவியது. அது உங்கள் வீட்டு நாற்றம். முற்றத்துக் கொடியில் எப்போதும் ஷீட்டுகள் தொங்கும். உங்கள் படிப்பறைத் திரைச்சீலையில், கிரேக்க அகராதியில், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போடும் வெள்ளைச் சட்டையில்கூட அது ஊறியிருந்தது. இரண்டு வருடம் அதைச் சுவாசித்துக்கொண்டு உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளும் மூக்கைப் பொத்தவில்லை. நீங்கள் முதல் நாளே பொத்தினீர்கள்.

"கடப்புறத்துப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்தீர்கள். "மத்தியானச் சோத்த அடுக்களைக்குப் பின்னால வச்சுத் தின்னுக்க மக்கா. புஸ்தகத்துல மணம் பிடிச்சா போகாது, கேட்டியா?"

அன்று உங்கள் மேசையில் நெய்மீன் குழம்பு இருந்தது. மீன் மேசைக்கு வரலாம், மீன் பிடிக்கிறவன் மகள் வரக்கூடாது. அந்த ஒழுங்கை நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

உங்கள் கண் மங்கிக்கொண்டிருந்தது. வாசித்துச் சொல்லவும் சொல்வதை எழுதவும் உங்களுக்கு ஆள் வேண்டும். நான் அப்போதுதான் வரலாற்றில் எம்.ஏ. முடித்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். எனக்குப் பேச வராது, கையெழுத்து நன்றாக இருக்கும். உங்களுக்கு ஏற்ற ஆள்தான்.

முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். கிரேக்க வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் என்னை அலமாரிக்கும் மேசைக்கும் நடக்க வைப்பீர்கள். கலிலேயா மீனவர்களின் வறுமையைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். இரண்டாயிரம் வருடம் தள்ளியிருக்கும் வறுமைக்கு மணம் கிடையாது, அதனால் உங்களால் தாராளமாக இரங்க முடிந்தது.

நான் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. உயிர்த்தெழுந்த பிறகு, விடியற்காலையில் கரையில் நின்ற இயேசு, படகில் இருந்தவர்களிடம் வலதுபுறம் வலை போடச் சொன்ன பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். முகம் தெரியாத ஒருவன் சொன்னதும் ஏன் மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள் என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருந்தீர்கள்.

"சார், எங்க கரையில அது உள்ளதுதான்" என்றேன். "கரைமடி வலை வளைக்கும்போ ஒரு ஆளு கரையில நிப்பாரு. படகுல இருக்கவங்களுக்கு மீனு தெரியாது. கரையில நிக்க ஆளு, மீன் கூட்டத்தால தண்ணி கறுத்துக் கெடக்க எடத்தப் பாத்துத் தோளுல கெடக்க தோர்த்த எடுத்து வீசுவாரு. அவரு எந்தப் பக்கம் வீசுறாரோ அந்தப் பக்கம் போடுவாங்க. எங்க அப்பாக்கு அதுதான் சோலி."

நீங்கள் சிரித்தீர்கள். "அது உங்க அப்பனுக்க கதை. ஆராய்ச்சியில கதைக்கு எடமில்ல. அடுத்த வரிய வாசி."

வாசித்தேன். ஆனால் அந்தக் கதையை நான் விடவில்லை. கரையில் நிற்கிற ஆளின் சொல்லுக்குப் படகில் இருப்பவர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். உங்கள் வேலையை விட்டு, எட்டு மாதம் கரை கரையாகப் போய் விசாரித்து, பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் உங்கள் புதிய புத்தகத்தை விரித்து என் முன் வைத்தார். நான் போன பிறகு நீங்கள் வேறு யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடைசி அத்தியாயம். 'கன்னியாகுமரிக் கடற்கரையில் அலை கால் நனைக்க நின்று நான் பலமுறை கண்ட காட்சி இது' என்று தொடங்கியது. கீழே என் அப்பாவின் தோர்த்து இருந்தது. அப்பா இல்லை.

"இது அவரு சொன்னதாச்சே. உங்களுக்குன்னு சொந்தமா எதுவும் இல்லியாம்மா?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் உங்கள் வீட்டில் வந்து நின்றேன். "இந்தச் செய்தி நான் சொன்னதுன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க சார். அடுத்த வருசம் இன்டர்வியூல காட்டலாம்."

"நீ சொன்னத ஆரு அச்சடிப்பா மக்கா? நான் சொன்னதினால அது நிண்ணுது. அறிவு எல்லாருக்கும் பொது. உனக்கு வேணும்னா ஒரு நல்ல சர்ட்டிபிக்கேட் தாறேன்."

தந்தீர்கள். கீழ்ப்படிதலும் அழகான கையெழுத்தும் உடைய பெண் என்று அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னேன். உங்களை இகழும்போதெல்லாம் அந்த நன்றிக்காக என்னையும் சேர்த்துத்தான் இகழ்கிறேன்.

பிறகு நீங்கள் இறந்தீர்கள். மகளுக்குச் சம்பளம் கொடுத்தவர் என்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நினைவுக் கூட்டத்துக்கு வந்தார். வேதக்கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தோம். போதகர், நீங்கள் மீனவர்களோடு மீனவராகக் கரையில் நின்று கற்றதை உருகிச் சொன்னார். அலை கால் நனைத்ததையும் விடவில்லை.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, இந்த சாரு எப்பம் நம்ம கரைக்கு வந்தாரு? நான் காணலியே."

"வரல்லப்பா."

"பின்ன?"

அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றுப்போன நேர்முகத் தேர்வையும் சேர்த்து. முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பி முறைத்தார். அப்பா கேட்டார்: "அலையில நிண்ணா தண்ணிக்க நெறம் எப்பிடிட்டி தெரியும்? முன்னால வார அலையில்லா தெரியும்? மேட்டுல ஏறி நிக்கணும். அத நீ அவருட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை, சார். எங்கள் கரையில் அது பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால் சொல்லத் தோன்றவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் காரில் ஏறினால் அரை மணி நேரத்தில் பார்த்திருக்கலாம். படகுக்கு வழி சொல்லும் ஆளை, ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டு நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கோயிலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தட்டிக் கொடுத்தார்.

உங்கள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். முடியாது என்றேன். எனக்குச் சொல்ல இருப்பது உங்களிடம்தான்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒன்று உண்டு. பழைய ஏடு எதை வாசித்தாலும் மேசையைத் தட்டிக் கேட்பீர்கள்: "எழுதினவன் கண்டானா, கேட்டானா? அதச் சொல்லு முதல்ல." எவ்வளவு வெறுத்தாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் நேர்முகத் தேர்வு. ஆய்வுத் திட்டத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். முதல் அடிக்குறிப்பில் அப்பாவின் பெயர், ஊர், தொழில், அவர் மேட்டில் நின்ற வருடங்கள். கண்டவர்.

இரண்டாவது அடிக்குறிப்பு உங்களுக்கு. நூலின் பெயரும் பக்க எண்ணும் பிழையில்லாமல், நீங்கள் சொல்லித் தந்த முறையிலேயே இருக்கின்றன. அதன் பின் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'இந்நூலாசிரியர் இக்கரைக்கு வந்ததில்லை, அவர் இதைக் கேட்டது என்னிடம்.'