அம்மாவின் ரேடியோவும் நீ அனுப்பிய விளக்கும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், ரேடியோவும் இப்போது சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நீ அனுப்பிய மேசை விளக்கு வந்து சேர்ந்தது. முதியோர் வகுப்புப் பாடத்தை அதன் கீழ்தான் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வந்த நாள் முதல், பொழுது சாய்ந்து நான் எழுத உட்கார்ந்தால் அம்மாவின் ரேடியோ கொர்ரென்று இரைகிறது. கண் மங்கிய பிறகு இருட்டியதும் அவளுக்கு அதுதானே துணை. நாடகத்தில் மாமியார் வாயைத் திறக்கும்போது பார்த்து இரைகிறது. நீங்க எழுதுறது அதுக்குப் பிடிக்கலைங்க என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறினேன், அழுத்தாமல் எழுதிப் பார்த்தேன், ரேடியோ மசியவில்லை. இந்த வயசுல படிப்பு ஒண்ணுதான் குறைச்சல் என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். வகுப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டோம், பட்டப்பகலில் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து என் பெயரை எழுதிக் காட்டினேன், ரேடியோ சமர்த்தாகப் பாடியது. அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பொய் சொல்றேன்னு நெனைக்காதே தம்பி, இவர் கஷ்டமான எழுத்து எழுதினாத்தான் கத்தும் என்றாள். கஷ்டமான எழுத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று விளக்கைப் போட்டேன். உடனே இரைந்தது. அவர் விளக்கை அணைத்தார், இரைச்சல் நின்றது. ஐயா, உங்க எழுத்து மேல குத்தமில்லை, இந்த விளக்கோட அடாப்டர்தான் ரேடியோவைக் கலைக்குது, மட்டமான சரக்கு என்றார். நீ வாங்கியது என்பதால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தள்ளி வையுங்க என்றார், இருக்கிற ஒரே அறையில் எங்கே தள்ளுவது. வேறு விளக்கு வாங்கட்டுமா என்றேன், புள்ள ஆசையா அனுப்பினதை மூலையில போடுவீங்களா என்று அம்மா சண்டைக்கு வந்தாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். தினமும் நாடக நேரம் அரை மணி ரேடியோவை அணைத்துவிடுவாள், நான் எழுதலாம், ஆனால் உன் கடிதம் வந்த அன்றைக்கு அந்த அரை மணியும் அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நேற்று படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், அப்படியும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாடகமே தேவலாம் என்கிறாள் அம்மா. ஆகவே இனி அரை மணி நேரத்துக்குக் காணும்படி நீளமாக எழுது. உன் மாமியார் என்ன சொன்னார் என்பதை விடாமல் எழுது. பெரிய எழுத்தாக எழுது. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா