தின்றாள் என்று ஒரு சொல்

சாவ் பாவ்லோ, ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? சிப்பி பொறுக்கும்போது ரொம்ப நேரம் குனியாதே.

இங்கே ஒரு வேடிக்கை. பதிப்பகத்தில் நான் பிழை திருத்திய மாயாஜால நாவலில், ஒரு மீனவனைக் கடல்தாய் இமான்ஜா ‘தின்றாள்’ என்று இருந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்து ‘அழைத்துக்கொண்டாள்’ என்று மாற்றிவிட்டேன். அப்பாவின் படகு மட்டும் கரைக்கு வந்த அன்று நீ அப்படித்தானே சொன்னாய்?

பதிப்பாசிரியர் ஒஸ்மார் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏம்மா ஜோசேலியா, இந்தக் கதையில அவ சாமி இல்லம்மா, பசிக்கு ஒரு குறியீடு.”

“எங்க தீவுல அந்தக் குறியீட்டுக்குத்தான் சார் வருஷா வருஷம் பூவும் சென்ட்டும் கொண்டுபோய்க் கடல்ல விடுறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். புத்தகத்தில் ‘தின்றாள்’ என்றுதான் வரப்போகிறது.

செம்பனை எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் அனுப்பு; இங்கே விற்பதில் வாசனையே இல்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி, இமான்ஜா திருநாளில், அவளுக்குக் கடலில் விடும் கூடையில் என் பேரில் ஒரு சீப்பு வை.

சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. பதில் எழுதும்போது, அப்பாவை அவள் அழைத்துக்கொண்டாள் என்று உன் கையால் ஒரு தடவை எழுதம்மா.

உன் மகள்,
ஜோசேலியா